மூச்சுக்கும் முகவர் விலையா?

உறங்குகின்றவனின் தொண்டை அடைபட்டுப் பத்து விநாடிக்கு மேலாக மூச்சு நின்று போவதும், திடுக்குற்று விழித்து அவன் மீண்டும் மூச்சிழுப்பதும் ஒரே இரவில் நூற்றுக்கணக்கான தடவை நிகழக்கூடிய நோயை, நம்மவர் இன்னும் வெறுங் குறட்டையென்றே எண்ணி நகையாடுகின்றனர். மணிக்கு 30 தடவையோ அதற்கு மேலோ இவ்வாறு நேருமாயின் அது கடுமையான நிலையென்பது வைத்தியர் கணக்கு. இரத்த அழுத்தமும் இருதய நோயும் அதனைத் தொடர்ந்து வருவன. இரவெல்லாம் இப்படித் தவித்தவன் பகலில் ஏ-9 வீதியில் லொறி ஓட்டினால், ஆபத்து அவனுக்கு மாத்திரமா?

இதற்கு மாத்திரையிலும் சிறந்த பரிகாரம் ஒரு சிறு பொறி. முகமூடி வழியாகக் காற்றை ஓரளவு அழுத்தத்துடன் செலுத்தித் தொண்டை அடைபடாமற் காக்கும் இம்முறையைச் சிட்னி நகரத்துக் கொலின் சலிவன் 1981இல் வெளியிட்டார். சீபாப் என வழங்கும் அப்பொறியை வீட்டில் வைத்திருக்க விரும்பும் நோயாளி பெரும்பாலும் தன் கைப்பணத்தையே கொட்ட வேண்டியிருக்கிறது. 2022இல் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்குத் தாவிற்று. 500 டொலர்ப் பொறியொன்று, முகவர் இலாபம் சேருமுன்னரே, ஓர் இலட்சத்திலிருந்து 1,80,000 ரூபாவாயிற்று என்றால் வடமராட்சித் தோட்டக்காரன் எங்கே போவான்?

ஆகவே பலாலியிலிருந்து சென்னைக்குப் பறப்பவரிடமும், காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினத்துக்குக் கப்பலேறுபவரிடமும், ரொறன்ரோவிலும் இலண்டனிலும் உள்ள உறவினரிடமும் பொறி கொண்டுவரச் சொல்வதை யாம் குறைகூறோம். வெளியில் வாங்கினால் பழுதுபார்ப்பார் இல்லை என்கின்றனர் முகவர். அது முற்றும் பொய்யன்று. ஆனால் பழுது பார்ப்பதற்கான கூலியைத் தனியே கேட்கலாமே. பொறியின் விலையிலேயே அதனை ஆயுள் முழுவதற்கும் ஏற்றிவைப்பது என்ன நியாயம்?

எனினும் மலிவென்றவுடன் மதிமயங்கலாகாது. உறக்கச் சோதனை செய்து, எத்துணை அழுத்தம் வேண்டுமென வைத்தியர் குறித்த பின்னரே பொறி வாங்கவேண்டும். பழைய பொறியாயின் இன்னும் எச்சரிக்கை தேவை. ஓசையடக்கும் நுரைப்பஞ்சு சிதைந்து துகள் மூச்சோடு உட்செல்லக்கூடுமென்று, பிலிப்ஸ் நிறுவனம் 2021 ஜூனில் இலட்சக்கணக்கான பொறிகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. அவற்றுள் ஒன்றை மாமாவின் அன்பளிப்பென்று தலைமாட்டில் வைத்துக்கொள்ளாதீர். தொடரிலக்கத்தைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். மற்றொன்று, நம் சுண்ணாம்புக்கல் நிலத்துக் கிணற்றுநீரை ஈரப்பதத் தொட்டியில் ஊற்றினால் வெண்படலம் படிந்து கெடும். வடித்த நீரே வேண்டும்.

இவையெல்லாம் வெளிநாட்டில் உறவினர் உள்ளவனுக்கு உரிய யோசனைகள். ஒருவருமில்லாதவன் கதி யாது?

இந்நாட்டுக்கு விடை புதிதன்று. பேராசிரியர் சேனக பிபிலேயின் முயற்சியால் 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் அமைந்தது. உலகெங்கும் கேள்விப்பத்திரம் கோரி, வர்த்தகப் பெயருக்கு மயங்காது, மருந்தின் குணத்துக்கே விலைகொடுத்து மொத்தமாக வாங்குவதே அவர் கண்ட வழி. பன்னாட்டுக் கம்பனிகள் சீறின; விலை இறங்கிற்று. 1977இல் அவர் கயானாவில் மறைந்தார். அதே ஆண்டில் வந்த திறந்த பொருளாதாரம் அவர் வழியைப் பெரிதும் தளர்த்திவிட்டதாயினும் கூட்டுத்தாபனம் இன்றும் இருக்கின்றது. மருத்துவக் கருவிகளையும் தன் அதிகாரத்துள் கொண்ட தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபையும் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் வந்துள்ளது. தரம் பார்க்க ஒரு சபையும் மொத்தமாக வாங்க ஒரு கூட்டுத்தாபனமும் இருக்க, நோயாளி மட்டும் தனித்தனியே பேரம் பேசித் திரிவதேன்?

மொத்தமாக வாங்கிய பொறிகளுள் ஒரு பகுதியை யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை வழியாக வறியவர்க்கு இரவலாகவும், ஏனையோர்க்குத் தவணை முறையிலும் வழங்கலாம். இதற்குப் பணமுண்டா இல்லையா என்பதை நம் பாராளுமன்றப் பிரதிநிதிகள் சுகாதார அமைச்சரிடம் சபையிலேயே கேட்கட்டும். விடை எழுத்தில் வரட்டும்.