வழி அமைதியா எனக் கேட்பது அச்சமன்று

 

பள்ளி விடுமுறையோ பெருநாளோ நெருங்கிவிட்டால் வள்ளியூர், ஏர்வாடி, களக்காடு, மேலப்பாளையம் வட்டாரத்துக் குடும்பங்களில் பயணப் பேச்சு தொடங்கிவிடும். முன்பு அப்பேச்சு குற்றாலத்தோடும் கன்னியாகுமரியோடும் முடிந்துவிடும். இன்று வளைகுடாவில் உழைக்கும் பிள்ளைகள் விடுப்பில் வரும்போது, வாப்பாவையும் உம்மாவையும் கப்பலில் ஏற்றிக் கடல் கடந்து அழைத்துச் சென்று காட்ட வேண்டும் என்று விரும்புகின்றனர். பெற்றோரை மகிழ்விக்கும் அந்த எண்ணம் போற்றத்தக்கது. உணவு, அறை, கட்டணம், தொழுகைக்கு இடம் உண்டா என்பன பற்றியெல்லாம் நம் குடும்பங்கள் நுணுக்கமாக விசாரிக்கின்றன. ஆனால் கப்பல் நிற்கப்போகும் நாடு அமைதியாக இருக்கின்றதா, அங்கே குழப்பம் மூண்டால் நம்மை யார் மீட்பார், செலுத்திய பணம் என்னவாகும் என்னும் கேள்விகள் பெரும்பாலும் எழுவதே இல்லை. எழுந்தாலும், "அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்ற ஒரு சொல்லில் அவை அடங்கிவிடுகின்றன. அந்தச் சொல்லின் பொருளைத்தான் இங்கே சற்று ஆராய விழைகின்றோம்.

கப்பலில் கேளிக்கைக்கும் சூதாட்டத்துக்கும் இடம் இருப்பதால் அதில் செல்வது கூடுமா என்பது தனிக் கேள்வி. 2022 ஜூனில் சென்னையிலிருந்து புறப்பட்ட கார்டேலியா கப்பல் புதுச்சேரியில் நிற்பதற்கு அனுமதி கிடைக்காமல் போனதற்கும் அதுவே காரணமாயிற்று. அதை உலமாக்களிடம் கேட்டறிவோம். நாம் இங்கே பேசுவது உயிர், மானம், பொருள் ஆகியவற்றின் பாதுகாப்பைப் பற்றி மட்டுமே.

அருகிலிருக்கும் தீவு

நமக்கு மிக அருகிலிருக்கும் வெளிநாடு இலங்கை. நம் முன்னோர் காலத்தில் அது வெளிநாடாகவே தோன்றியதில்லை. தூத்துக்குடியில் கப்பலேறிக் கொழும்பில் இறங்கி, புறக்கோட்டையில் கடை வைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் நம் ஊர்களில் உள்ளனர். புறக்கோட்டையில் செந்நிறத்தில் எழுந்து நிற்கும் ஜாமிஉல் அல்ஃபார் பள்ளிவாசலும் இந்திய முஸ்லிம் வணிகர்களின் முயற்சியால் எழுந்ததே. இந்த உறவைப் போர் அறுத்தது. பின்னர் 2011 ஜூனில் தூத்துக்குடி - கொழும்புப் பயணிகள் கப்பல் தொடங்கப்பட்டு, அவ்வாண்டு நவம்பரிலேயே நின்றுபோயிற்று. 2023 ஜூனில் சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை துறைமுகங்களுக்குச் சொகுசுக் கப்பல் சென்றது. அதே ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாள் நாகப்பட்டினம் - காங்கேசன்துறைப் பயணிகள் கப்பல் தொடங்கி, சில நாள்களில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடத் தொடங்கியது.

இந்தத் தேதிகளுக்கு நடுவே அத்தீவில் நிகழ்ந்தவற்றையும் எண்ணிப் பார்ப்போம். 2019 ஏப்ரல் 21-ஆம் நாள் தேவாலயங்களிலும் கொழும்பின் விடுதிகளிலும் குண்டுகள் வெடித்து, 250-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அவர்களில் வெளிநாட்டுப் பயணிகளும் அடங்குவர். அக்கொடுஞ்செயலை முஸ்லிம் சமுதாயமும் கண்டித்தது. எனினும் மே மாதத்தில் குருநாகல், கம்பஹா மாவட்டங்களில் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன, ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டது, முகத்தை மூடும் ஆடைக்கு ஏப்ரல் இறுதியிலேயே அவசரகாலச் சட்டத்தின்கீழ்த் தடை வந்திருந்தது. 2022-இல் அந்நாடு கடனைத் திருப்பிச் செலுத்த இயலாத நிலையை அடைந்தது. எரிபொருளுக்காக மக்கள் நாள்கணக்கில் வரிசையில் நின்றனர். ஜூலை 9-ஆம் நாள் குடியரசுத் தலைவர் மாளிகைக்குள் மக்கள் திரளாகப் புகுந்தனர். அதிபர் நாட்டைவிட்டு வெளியேறினார்.

இன்று இலங்கை அமைதியாக இருக்கின்றது. 2024-இல் அங்கே 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் சென்று வந்தனர்; அவர்களில் இந்தியரே மிகுதி. ஆகவே அங்கே செல்லாதீர்கள் என்று நாம் கூறவில்லை. ஒரு நாட்டின் நிலை மூன்று ஆண்டுகளில் இருமுறை தலைகீழாக மாறக்கூடும் என்பதையே கூறுகின்றோம். மற்றொன்றும் உண்டு. குழப்பம் மூளும்போது எல்லாப் பயணிகளுக்கும் ஆபத்து ஒரே அளவில் வருவதில்லை. தாடியும் தொப்பியும் புர்காவும் அணிந்த ஒரு குடும்பம் 2019 மே மாதத்தில் குருநாகல் சாலையில் நின்றிருந்தால் அதன் நிலை என்ன? நமக்குரிய இந்தக் கேள்வியை எந்தக் கப்பல் நிறுவனமும் நமக்காகக் கேட்காது. நாமே கேட்டாக வேண்டும்.

ஆபத்து இருக்குமிடம்

கப்பல் பெரியது, காவல் மிக்கது, ஆகவே அச்சமில்லை என்று சிலர் கருதுகின்றனர். கப்பலைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் உண்மையே. ஆபத்து இருப்பது, கப்பலைவிட்டு இறங்கிப் பேருந்தில் ஊர் சுற்றும் அந்தச் சில மணி நேரத்தில்தான். 2015 மார்ச் 18-ஆம் நாள் துனீஸ் நகரின் பார்தோ அருங்காட்சியகத்தில் துப்பாக்கிதாரிகள் 20-க்கும் மேற்பட்டோரைக் கொன்றனர். இறந்தவர்களில் பலர் அன்று காலை துறைமுகத்தில் நின்ற இரு சொகுசுக் கப்பல்களிலிருந்து இறங்கியவர்கள். ஒரு தம்பதியர் இரவு முழுவதும் அக்கட்டடத்துக்குள்ளேயே மறைந்திருந்து மறுநாள்தான் வெளிப்பட்டனர். அதன்பின் அவ்விரு கப்பல் நிறுவனங்களும் துனீஸில் நிற்பதைக் கைவிட்டன. பயணிகள் இறந்த பிறகே அந்த முடிவு வந்தது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

கடலே பாதுகாப்பற்றதாக மாறிய காலமும் உண்டு. 2023 நவம்பரிலிருந்து செங்கடலில் வணிகக் கப்பல்கள் தாக்கப்பட்டபோது, சொகுசுக் கப்பல் நிறுவனங்கள் பல தங்கள் பயணங்களை இரத்துச் செய்தன. சில ஆப்பிரிக்காவைச் சுற்றிச் சென்றன. அத்தகைய வேளையில் கப்பலின் தலைவர் ஒரு துறைமுகத்தைத் தவிர்த்து வேறொன்றுக்குச் செல்லலாம். அந்த உரிமையை நிறுவனங்கள் ஒப்பந்தத்தில் முன்கூட்டியே எழுதிவைத்துக்கொள்கின்றன. அதற்காக முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும் என எதிர்பார்க்க இயலாது. பயணக் காப்பீடு இருக்கின்றதே என்போர், போர், உள்நாட்டுக் கலகம் ஆகியவற்றால் விளையும் இழப்பைப் பல காப்பீட்டுத் திட்டங்கள் ஏற்பதில்லை என்பதை அறிந்துகொள்ள வேண்டும்.

அரசு மீட்டுவிடும் என்பதும் பாதி உண்மையே. 2015-இல் ஏமனிலிருந்து 4,600-க்கும் மேற்பட்ட இந்தியர்களும், 2023-இல் சூடானிலிருந்து 3,800-க்கும் மேற்பட்டோரும் மீட்கப்பட்டனர். நாம் நன்றியோடு நினைக்க வேண்டிய பணிகள் அவை. ஆனால் ஒருவர் அங்கே இருக்கின்றார் என்பது தெரிந்தால்தான் தூதரகம் அவரைத் தேட முடியும். காலையில் இறங்கி மாலையில் திரும்பும் கப்பல் பயணியின் பெயர் எந்தத் தூதரகப் பதிவிலும் பெரும்பாலும் இருப்பதில்லை.

உமர் (ரலி) திரும்பி வந்த வழி

"எல்லாம் விதிப்படிதானே நடக்கும்?" என்று கேட்கும் சகோதரர்களுக்கு, நம் வரலாற்றிலேயே தெளிவான விடை இருக்கின்றது. ஹிஜ்ரி 18-ஐ ஒட்டிய காலத்தில் கலீஃபா உமர் (ரலி) ஷாம் தேசம் நோக்கிச் சென்றார்கள். ஸர்ஃ என்னும் இடத்தை அடைந்தபோது, அங்கே கொள்ளைநோய் பரவியுள்ளதாகச் செய்தி கிடைத்தது. முதலில் முஹாஜிர்களை அழைத்துக் கலந்தாலோசித்தார்கள், கருத்து வேறுபட்டது. அன்ஸாரிகளை அழைத்தார்கள், அவர்களும் ஒருமிக்கவில்லை. பிறகு குறைஷி முதியவர்களை அழைத்தார்கள். திரும்பிச் செல்வதே நலம் என அவர்கள் ஒருமனதாகக் கூறினர். அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுகின்றீர்களா என அபூ உபைதா (ரலி) கேட்டபோது, ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதிக்கே செல்கின்றோம் என்னும் கருத்தில் உமர் (ரலி) விடையளித்தார்கள். ஒரு பள்ளத்தாக்கின் ஒரு பக்கம் செழிப்பாகவும் மறுபக்கம் வறண்டும் இருந்தால், ஒட்டகங்களை எங்கே மேய்த்தாலும் அது இறைவிதிப்படிதானே என்றும் விளக்கினார்கள். பின்னர் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) வந்து, கொள்ளைநோய் பரவிய ஊருக்குள் நுழையாதிருக்குமாறும், அது பரவிய ஊரில் இருப்போர் அதற்கஞ்சி வெளியேறாதிருக்குமாறும் நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியிருப்பதை எடுத்துரைத்தார்கள். உமர் (ரலி) அல்லாஹ்வைப் புகழ்ந்து மதீனாவுக்குத் திரும்பினார்கள்.

அந்த நபிமொழி கொள்ளைநோய் பற்றியது. அதை அரசியல் குழப்பத்துக்கு அப்படியே பொருத்த நாம் முனையவில்லை. முடிவெடுத்த முறையையே பாடமாகக் கொள்கின்றோம். செய்தி வந்ததும் அதை அலட்சியம் செய்யவில்லை. ஒரு குழுவின் கருத்தோடு நிற்கவுமில்லை. இத்தனை தூரம் வந்துவிட்டோமே என்றும் எண்ணவில்லை. நாட்டின் தலைவர், அரசுப் பணிக்காகச் சென்றவர், பாதி வழியில் திரும்பியதை இழுக்காகக் கருதவில்லை. அவ்வாறிருக்க, உல்லாசப் பயணம் புறப்படும் நாம், "முன்பணம் கட்டிவிட்டோமே" என்பதற்காக ஏன் தயங்க வேண்டும்?

ஃபிக்ஹ் நூல்களும் இதையே உணர்த்துகின்றன. ஹஜ் இஸ்லாத்தின் தூண்களுள் ஒன்று. அதற்கே வழியில் பாதுகாப்பு இருப்பதை நம் மத்ஹபுகளின் அறிஞர்கள் நிபந்தனைகளோடு சேர்த்துப் பேசியுள்ளனர். கடல்வழியைப் பொறுத்தவரை, பாதுகாப்பு மிகைத்திருக்குமானால் அவ்வழியே செல்வது கடமை என ஷாஃபிஈ அறிஞர்கள் கூறினர். நமக்கு வேண்டிய அளவுகோல் இதிலேயே கிடைத்துவிடுகின்றது. ஆபத்தே இல்லாத வழி உலகில் இல்லை. அதைத் தேடினால் வீட்டுவாசலையும் தாண்ட முடியாது. பாதுகாப்பு மிகைத்திருக்கின்றதா என்பதே கேள்வி. கடமையான பயணத்துக்கே அக்கேள்வி உண்டென்றால், விருப்பத்துக்காகச் செல்லும் பயணத்துக்கு எத்துணை அவசியம்!

இதில் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். "நிலையற்ற நாடு" என்னும் முத்திரை பெரும்பாலும் முஸ்லிம் நாடுகளின் நெற்றியிலேயே குத்தப்படுகின்றது. ஓர் ஊரில் நிகழ்ந்த அசம்பாவிதத்துக்காக முழு நாட்டையும் ஒதுக்கினால், சுற்றுலாவை நம்பி வாழும் ஆட்டோ ஓட்டுநரும் சிற்றுண்டிக் கடைக்காரரும் பட்டினி கிடப்பர். அதே 2015-இல் துனீசியாவின் சூஸ் கடற்கரையில் தாக்குதல் நடந்தபோது, பயணிகளைக் காக்க மனிதச் சுவராக நின்றவர்கள் அவ்வூர் விடுதித் தொழிலாளர்களே. எனவே வதந்தியை வைத்தும் முடிவெடுக்க வேண்டாம். விளம்பரத்தை வைத்தும் முடிவெடுக்க வேண்டாம். செய்தியை ஆராய்ந்து தெளிவதே இறைமறை நமக்குக் கற்பித்த ஒழுக்கம்.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, எழுத்து. பயணம் ஏற்பாடு செய்பவர் நம் ஊர்க்காரர், பள்ளியில் நம்மோடு தொழுபவர் என்பதற்காகவே நாம் இலட்சக்கணக்கில் பணத்தைக் கையெழுத்தின்றிக் கொடுத்துவிடுகின்றோம். குர்ஆனின் மிக நீண்ட வசனமே கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிவைப்பது பற்றியதுதான். கப்பல் ஒரு துறைமுகத்தைத் தவிர்த்தால், பயணமே இரத்தானால், அரசு எச்சரிக்கை விடுத்து நாம் விலகிக்கொண்டால் எவ்வளவு பணம், எத்தனை நாளில் திரும்பும் என்பதை எழுதி வாங்க வேண்டும். எழுதிக் கேட்பது சந்தேகமன்று. இரு தரப்பாரின் கண்ணியத்தையும் காப்பதாகும்.

இரண்டாவதாக, விசாரணை. நம் வெளியுறவு அமைச்சகத்தின் பயண அறிவுரையைப் பணம் கட்டும் முன்னும், புறப்படும் வாரத்திலும் படிக்க வேண்டும். செல்லும் நாட்டின் இந்தியத் தூதரக எண்ணைக் குடும்பத்தில் ஒவ்வொருவரும் வைத்திருக்க வேண்டும். பதிவு செய்யும் வசதி இருந்தால் பதிவு செய்ய வேண்டும். பாஸ்போர்ட்டைக் கப்பல் ஊழியர்கள் வாங்கிவைத்துக்கொள்வதுண்டு; ஆகவே நகல் கையில் இருக்கட்டும்.

மூன்றாவதாக, கரையில் ஒழுங்கு. கப்பல் நிறுவனமே நடத்தும் சுற்றுலாவில் சென்றால், தாமதமானாலும் பொதுவாகக் கப்பல் காத்திருக்கும். தனியாக வண்டி பிடித்துச் சென்றவருக்காகக் காத்திராது. சிறு குழந்தைகளும் முதியவர்களும் உள்ள குடும்பங்கள் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும். மூவர் பயணம் சென்றாலும் ஒருவரை அமீராக ஆக்கிக்கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். போராட்டமோ கூட்டமோ கண்டால் உடனே திரும்ப வேண்டும் என அமீர் சொன்னால், அங்கே விவாதம் கூடாது.

நான்காவதாக, மஷூரா. பணம் அனுப்புகின்ற மகன் முடிவெடுப்பார், மற்றவர்கள் பெட்டி கட்டுவார்கள் என்பதே நம் வீடுகளின் வழக்கம். கைக்குழந்தையோடு செல்லவிருக்கும் மருமகளுக்கு அச்சம் இருந்தால், அதைச் சொல்ல அவளுக்கு இடம் வேண்டும். உமர் (ரலி) மூன்று குழுக்களிடம் கருத்துக் கேட்டார்கள். நாம் நம் வீட்டில் உள்ளோரிடமேனும் கேட்போம்.

இறுதியாக, நம் ஜமாஅத்துகளுக்கு ஒரு வேண்டுகோள். பள்ளிவாசல் பலகையில் குழுப் பயண அறிவிப்பை ஒட்ட அனுமதி கேட்டு வருவோரிடம், இரத்து நிபந்தனையையும் பணம் திருப்பும் விதியையும் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். அவற்றைத் தர மறுப்பவரின் அறிவிப்புக்குப் பலகையில் இடம் தராதீர்கள். பள்ளிவாசல் சுவரில் கண்டதாலேயே நம்பிப் பணம் கட்டும் எளிய குடும்பங்கள் உள்ளன. அந்த நம்பிக்கை ஜமாஅத்தின் கையிலுள்ள அமானிதம்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு அல்லாஹ்வின்மீது பொறுப்பைச் சாட்ட வேண்டும் என்பது நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்த தவக்குல். கட்டாமல் விட்டுவிட்டு அதற்குத் தவக்குல் என்று பெயரிடுவது நமக்கு அழகன்று. வல்ல அல்லாஹ் நம் முஸாஃபிர்கள் அனைவரையும் நலமுடன் சென்று நலமுடன் இல்லம் திரும்பச் செய்வானாக! குழப்பத்தில் சிக்கித் தவிக்கும் நாடுகளின் மக்களுக்கு அமைதியை அருள்வானாக! ஆமீன்.