வழிபாட்டில் விளங்கும் திரித்துவம்

திரித்துவம் என்றதும், மூன்று எப்படி ஒன்றாகும் என்னும் கணக்கே பலருக்கும் முன்வந்து நிற்கிறது. நைசீன் விசுவாசப் பிரமாணத்தை ஊன்றி வாசித்தால் அக்கணக்கு அதில் எங்கும் இல்லை என்பதைக் காண்கிறோம். ‘திரித்துவம்’ என்ற சொல்லும் அதில் கிடையாது.

கி.பி. 325இல் நைசியாவில் கூடிய ஆயர்கள், குமாரன் படைக்கப்பட்டவரே என்ற ஆரியுசின் வாதத்தை மறுக்க ‘ஹோமோஊசியோஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லைக் கையாண்டனர். பிதாவோடு ஒரே சாரமுடையவர் என்பது அதன் பொருள். வேதாகமத்தில் இல்லாத சொல் அது. அதையொட்டிய பூசல் அரை நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது. பரிசுத்த ஆவியைக் குறித்தோ, அன்றைய அறிக்கையில் விளக்கம் ஏதுமற்ற ஒரு சிறு தொடர் மட்டுமே இருந்தது.

381இல் கான்ஸ்டான்டினோப்பிள் சங்கம் அத்தொடரை விரித்தது. ஆயினும் ஆவிக்கு ‘ஹோமோஊசியோஸ்’ என்ற சொல்லைச் சூட்டவில்லை. பிதாவோடும் குமாரனோடும் ஒருங்கே வழிபடப்பெறுபவர் என்று உரைத்தது. செசரியாவின் பசிலியார் ஆவியைப் பற்றித் தாம் இயற்றிய நூலில் ஏற்கெனவே காட்டிய வழி இது.

இதைத் துணிவின்மை என்பாருண்டு. நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. இறைவனுக்கு மட்டுமே உரிய வழிபாட்டை ஒருவருக்கு அளித்த பின், அவர் யாரென்று தனியே கூறவும் வேண்டுமோ? தத்துவம் அறியாத எளியவரும் நாவால் ஓதக்கூடிய இறையியல் அது. ஆதலின் இப்பிரமாணத்தைத் தர்க்க நூலாகக் கொள்ளாது, துதியாகவே வாசித்தல் தகும் என்போம்.