கூரை போட்ட தடாகமும் நீந்தத் தெரியாத பிள்ளைகளும்



கொஞ்சம் நீளமான பதிவு. தவணை விடுமுறைக்கு எங்கே போவது என்ற பேச்சு குடும்ப வட்ஸ்அப் குரூப்களில் தொடங்கிவிட்ட நேரம் என்பதால் இப்போதே எழுதுகிறோம். முற்பணம் போடுவதற்கு முன்னர் ஒருமுறை வாசியுங்கள்.

எங்கள் சின்ன வயதில் ட்ரிப் என்றால் வேனில் சட்டி பானை ஏற்றிக்கொண்டு நுவரெலியாவுக்குப் போவது, வழியில் ஆற்றங்கரையில் சோறாக்கித் தின்பது, இரவோடிரவாகத் திரும்புவது. இப்போது அப்படியில்லை. மதில் உயர்ந்த வில்லா வேண்டும், உள்ளே தடாகம் வேண்டும், அதற்கு மேலே கூரையும் வேண்டும். அமெரிக்காவின் விஸ்கான்சின் டெல்ஸ் என்ற ஊரில் 1994 இல் ஒரு ஹோட்டல் தண்ணீர்ப் பூங்காவுக்குக் கூரை போட்டது. பனி கொட்டுகிற காலத்திலும் குடும்பங்கள் வந்து தங்க வேண்டும் என்பதுதான் காரணம். நாங்கள் கூரையும் மதிலும் தேடுவது அடுத்தவர் பார்வை விழாமல் எங்கள் பெண்களும் குளிக்க வேண்டும் என்பதற்காக. அது நியாயமான ஆசை. அதில் எங்களுக்கு எந்த மறுப்பும் இல்லை.

ஆனால் கூரையைத் தேடிய நாங்கள் அதற்குக் கீழே இருந்த தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. சென்ற விடுமுறையில் நடந்ததை மறைக்காமல் சொல்கிறோம்.

நாலு குடும்பம், பிள்ளைகளோடு சேர்த்து இருபத்திரண்டு பேர். ஒரு இரவுக்கு வில்லா, வேன், சாப்பாடு எல்லாம் சேர்ந்து ஒரு இலட்சத்து முப்பதாயிரம் ரூபா. அதற்காக மூன்று மாதம் சீட்டுப் பிடித்தோம். புக் பண்ணும்போது கேட்ட கேள்விகள் நாலு: வெளியாட்கள் வருவார்களா? கமரா இருக்கிறதா? சமைக்கலாமா? ஏசி எத்தனை அறைக்கு? நாலுக்கும் நல்ல பதில் வந்தது. தடாகம் எத்தனை அடி ஆழம் என்று ஒருவரும் கேட்கவில்லை. இருபத்திரண்டு பேரில் நீந்தத் தெரிந்தவர் யார் என்று எங்களை நாங்களே கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. பதில் பிறகுதான் தெரிந்தது. ஒருவருமில்லை.

போய் இறங்கியதிலிருந்து அஸர் வரைக்கும் தடாகம் ஆண்களுக்கும் பையன்களுக்கும். பெண்கள் குசினியில் இறைச்சி கழுவினார்கள். அஸருக்கு ஆண்கள் மண்டபத்தில் ஜமாஅத்துக்கு நிற்க, பெண்களின் முறை வந்தது. வில்லாவைப் பார்த்துக்கொள்கிற தம்பியை கேற்றுக்கு வெளியே போய் நிற்கச் சொன்னோம். அந்த இடத்தில் நீந்தத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். பர்தாவுக்காக அவரை அனுப்பினோம், அனுப்பியதும் சரிதான். அவருடைய இடத்தில் வேறு யாரையும் நிறுத்தாததுதான் பிழை.

ஆறு வயது மகன் ஒருவர். கையில் போட்டிருந்த காற்று வளையம் இறுக்குகிறது என்று கழற்றி வைத்துவிட்டு, படியில் இறங்கிக் கால் வழுக்கியிருக்கிறார். சத்தம் இல்லை. கைதட்டல் இல்லை. சினிமாவில் வருவதுபோல "காப்பாத்துங்க" என்ற கூச்சலும் இல்லை. பக்கத்தில் ஒன்பது பெண்கள் இருந்தார்கள். ஒருவர் குழந்தைக்கு உடுப்பு மாற்றுகிறார், ஒருவர் படம் எடுக்கிறார், இரண்டு பேர் கல்யாணப் பேச்சில். ஒன்பதாம் தரம் படிக்கிற பிள்ளைதான் கேட்டார், "மாமி, அவர் என்ன தண்ணிக்குள்ள பாத்துக்கிட்டே இரிக்கார்?"

தாய் அப்படியே குதித்தார். பருத்தி அபாயா தண்ணீர் குடித்து அவரையும் கீழே இழுத்தது. இன்னொருவர் தடாகம் துப்புரவாக்கும் நீளமான வலைக் கம்பை நீட்டி இருவரையும் கரைக்குக் கொண்டுவந்தார். ஓடிவந்த மாமா பிள்ளையைக் காலில் பிடித்துத் தலைகீழாக உலுக்கினார். அதுவும் பிழை என்று பிறகு வைத்தியர் சொன்னார். பிள்ளை தானாக இருமினார். அல்ஹம்துலில்லாஹ். அந்த இரவை அறுபதாயிரம் ரூபா வில்லாவில் அல்ல, பக்கத்து வைத்தியசாலை வாங்கில் கழித்தோம்.

இதை எழுத வெட்கமாக இருக்கிறது. வகுப்பில் பிள்ளைகளுக்கு வீதி கடக்கும் விதி சொல்லிக்கொடுக்கிற ஆசிரியர்கள் நாங்கள். தண்ணீரைப் பற்றி ஒரு பாடமும் நடத்தியதில்லை. கலாசாலையில் எங்களுக்கும் யாரும் நடத்தவில்லை. ஆண்டுதோறும் இல்ல விளையாட்டுப் போட்டிக்கு ஒரு மாதம் அணிநடை பழக்குகிறோம், கூடாரம் சோடிக்கிறோம். நீச்சல் என்று ஒரு சொல் அந்த மைதானத்தில் கேட்டதில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2021 இல் மட்டும் உலகில் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை. பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு நீச்சலும் நீர்ப் பாதுகாப்பும் கற்பிக்கச் சொல்லி அதே நிறுவனம் நாடுகளைக் கேட்கிறது.

எங்கள் கரையோரத்துக்கு இந்தக் கணக்கும் தேவையில்லை. 2004 டிசம்பர் 26 காலையில் நாங்கள் பாடசாலைப் பிள்ளைகள். அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் அதிகமானோரைக் கடல் கொண்டுபோனது. 2021 நவம்பர் 23 இல் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் படகுப் பாதை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் போனார்கள். 2024 நவம்பர் வெள்ளத்தில் காரைதீவு மாவடிப்பள்ளியில் உழவு இயந்திரத்தில் வீடு திரும்பிய மத்ரஸாப் பிள்ளைகள் போனார்கள். நீந்தத் தெரிந்திருந்தால் இவர்கள் எல்லோரும் பிழைத்திருப்பார்கள் என்று சொல்ல வரவில்லை. சுனாமிக்கும் அந்த வெள்ளத்துக்கும் முன்னால் நீச்சல் எவ்வளவு தாங்கும் என்பது எங்களுக்கும் தெரியும். ஆனால் மூன்று தடவை அடி வாங்கிய ஊர்கள், தண்ணீரைப் பற்றிப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது "கரைப்பக்கம் போகாதே" என்ற ஒரு வசனத்தை மட்டும்தான். பயப்படச் சொல்லிக்கொடுத்தோம். பிறகு அதே பிள்ளையைக் காசு கட்டித் தண்ணீருக்குள் இறக்குகிறோம்.

இதைச் சொன்னால் மூன்று பதில்கள் வரும். மூன்றையும் எங்கள் வீட்டிலேயே கேட்டுவிட்டோம்.

முதலாவது, "எல்லாம் கத்ர்." ஈமானில் குறையில்லை. ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் என்று மிம்பரில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். மோட்டார் சைக்கிளுக்குப் பூட்டுப் போடுகிறோம், கடைக்கு ஷட்டர் போடுகிறோம். பிள்ளையின் மூச்சுக்கு மட்டும் கத்ரா?

இரண்டாவது, "பொம்பிளைப் பிள்ளைக்கு நீச்சல் எதுக்கு?" அன்றைக்குத் தண்ணீருக்குள் குதித்தது யார்? தாய்தான். எந்த வீட்டிலும் பிள்ளையோடு அதிக நேரம் இருப்பது தாய்தான். அவருக்கு நீந்தத் தெரியாவிட்டால் ஒரு ஜனாஸாவுக்குப் பதில் இரண்டு. நீச்சல், அம்பெய்தல், குதிரையேற்றம் என்று பயான்களில் பெருமையாகக் கேட்கிறோமே, அது கேட்டுவிட்டு மறப்பதற்கா?

மூன்றாவது, "வசதி எங்கே இருக்கு?" இது ஒன்றுதான் உண்மையான பதில். இதற்கு ஊர் சேர்ந்துதான் பதில் தேட வேண்டும். அதற்கு முன்னர், இந்த விடுமுறைக்கு வில்லா எடுக்கிறவர்கள் செய்யக்கூடியவை:

• ஆழம் எவ்வளவு, திடீரென்று ஆழமாகும் இடம் எது, சிறு பிள்ளைகளுக்குத் தனித் தடாகம் உண்டா என்று கேளுங்கள். தடாகத்துக்கு வேலியோ கதவோ உண்டா என்றும் கேளுங்கள். இரவில் எழுந்து நடக்கிற பிள்ளைக்கு அது தேவை.

• நீந்தத் தெரிந்த ஒரு பெண்ணை அழைத்து வர முடியுமா என்று கேளுங்கள். நாலு குடும்பம் கேட்டால் இல்லை என்பார்கள். நாற்பது குடும்பம் கேட்டால் ஏற்பாடு செய்வார்கள்.

• கால் மணி நேரத்துக்கு ஒருவர் என்று முறை வையுங்கள். அவருடைய கையில் ஃபோன் இருக்கக்கூடாது, மடியில் பிள்ளை இருக்கக்கூடாது. தண்ணீரைப் பார்ப்பது மட்டும்தான் வேலை. தொழுகை நேரத்தில் தடாகத்தை எல்லோருக்கும் மூடுங்கள். எங்களுக்கு நடந்தது அந்த நேரத்தில்தான்.

• காற்று வளையம் விளையாட்டுச் சாமான். அதை நம்பிக் கண்ணை எடுக்காதீர்கள். சின்னப் பிள்ளை கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

• பருத்தி உடுப்போடு இறங்காதீர்கள். உடலை மூடுகிற நைலோன் நீச்சலுடுப்பு இப்போது கடைகளில் இருக்கிறது. தடாகக்காரர்களும் அதைத்தான் விரும்புவார்கள். பருத்தி நூல் வடிகட்டியை அடைக்கும்.

• பிள்ளையைக் காணவில்லை என்றால் முதலில் தண்ணீரைப் பாருங்கள். அறையையும் மாடியையும் பிறகு தேடலாம். மூச்சில்லாமல் எடுத்தால் தலைகீழாகத் தொங்கவிடாதீர்கள், வயிற்றை அமுக்காதீர்கள். வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுங்கள், நெஞ்சை அழுத்துங்கள், 1990 க்கு அழையுங்கள். அம்புலன்ஸ் இலவசம். இந்த முதலுதவியை ஒரு நாள் பயிற்சியிலேயே கற்றுக்கொள்ளலாம்.

• தடாக நேரத்தைச் சரிபாதியாகப் பிரியுங்கள். பெண்கள் குளிக்கிற நேரம் முழுவதும் கைக்குழந்தைகள் வாப்பாமாரிடம் இருக்கட்டும். இறைச்சியை வாப்பாமாரும் கழுவலாம்.

இனி ஊருக்கு. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு தெருவில் பத்து வேன் வில்லாவுக்குப் போனால், எங்கள் செலவுப்படி, பதின்மூன்று இலட்சம் ரூபா ஒரே இரவில் ஊரை விட்டுப் போகிறது. தேர்தலுக்குத் தேர்தல் மைதானத்துக்குப் பவிலியன் கேட்கிறோம், சந்திக்குக் கோபுரம் கேட்கிறோம், வாங்கியும் விடுகிறோம். நாலடி ஆழத்தில், மதிலும் கூரையும் உள்ள ஒரு பயிற்சித் தடாகம், கிழமையில் மூன்று நாள் பெண்களுக்கு, பெண் பயிற்சியாளரோடு: இதை ஒரு தடவையாவது பிரதேச சபையில் யாராவது கேட்டிருக்கிறோமா? பள்ளிவாசல் நிர்வாகங்களும் பழைய மாணவர் சங்கங்களும் வெளிநாட்டிலிருக்கும் எங்கள் சகோதரர்களும் சேர்ந்தால் முடியாத காரியமா இது? கட்டும் வரைக்கும் சும்மா இருக்கவும் தேவையில்லை. எங்கள் பெண்களில் சிலரை வெளியூருக்கு அனுப்பிப் பயிற்றுவிக்கலாம். அவர்கள் வந்து வாடகைக்கு எடுத்த வில்லாவிலேயே ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம். ஒரு இரவுக் கூத்துக்கு எடுக்கிற இடத்தைப் பத்து நாள் பகல் வகுப்புக்கு எடுக்க முடியாதா?

ட்ரிப் போகவேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. பிள்ளைகளின் சிரிப்பு எங்களுக்கும் வேண்டும். அந்த ஆறு வயது மகன் இப்போது குளியலறை வாளியில் தண்ணீர் நிறைந்தாலே அழுகிறார். அவருக்குத் தண்ணீரைத் திரும்ப நட்பாக்கிக் கொடுக்க வேண்டிய கடன் எங்களுக்கு இருக்கிறது. அடுத்த விடுமுறைக்குச் சீட்டுப் பிடிக்க ஆரம்பித்துவிட்டோம். இந்தத் தடவை அந்தக் காசு பயிற்சிக்கு. முதலில் சேரப்போகிறவர் அவருடைய உம்மா.

யார் யார் சேர்கிறீர்கள்? கருத்துப் பகுதியில் பெயர் போட வேண்டாம், நேரில் சொல்லுங்கள். பத்துத் தாய்மார் சேர்ந்தால் தொடங்குவோம், இன்ஷா அல்லாஹ்.