திறந்த படலை

வடதுருவத்தை அண்டிய கிறீன்லாந்துத் தீவின் மக்களிடம் 'கஃபேமிக்' என்றொரு வழக்கம் உண்டு. 'கோப்பியைக் கொண்டு' என்பதே அச்சொல்லின் பொருள். பிறந்தநாள் வந்தாலும், பிள்ளை முதன்முதலாகப் பள்ளிக்குச் சென்றாலும், இளைஞன் ஒருவன் தன் முதல் வேட்டையில் வெற்றி கண்டாலும், அன்று அவ்வீட்டின் கதவு ஊருக்கெல்லாம் திறந்திருக்கும். உறவினரும் அயலாரும் வாயிலிற் பாதணிகளைக் கழற்றிவிட்டு உள்ளே வருவர், கோப்பி அருந்துவர், பண்டங்களை உண்பர், சிறிது நேரம் அளவளாவிய பின் அடுத்து வருவோர்க்கு இடம்விட்டு எழுந்து செல்வர். சிறிய வீடொன்று ஊர் முழுவதையும் வரவேற்கும் வழி இது.

சாவகச்சேரி வாசகர்க்கு இது முற்றிலும் புதுமையாகத் தோன்றாது. நம் பழைய வீடுகளின் முகப்பிற் கூரை வேய்ந்த சங்கடப்படலை இருந்தது. வழிப்போக்கர் அதன் நிழலில் இளைப்பாறினர். உள்ளே வந்தவர்க்குத் திண்ணையும், மூக்குப்பேணியிற் கோப்பியும், கடித்துக்கொள்ளப் பனங்கட்டித் துண்டும் கிடைத்தன. வள்ளுவர் விருந்தோம்பலைப் பொருட்பாலில் வைத்தாரல்லர், இல்லறவியலில் வைத்தார். விருந்து செல்வத்தின் காட்சியன்று, இல்லத்தின் அறம் என்பதே அதன் கருத்தாகும்.

அவ்வறம் சோதனைக்குள்ளான காலமும் உண்டு. 1995 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாண நகரும் வலிகாமமும் இடம்பெயர்ந்தபோது, மக்கள் இலட்சக்கணக்கில் மழையில் நனைந்தவாறு நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு வந்தனர். பள்ளிகளும் கோயில்களும் நிறைந்தன, வீடுகளும் நிறைந்தன. இடங்கொடுத்தோர் யாவரும் செல்வரல்லர். வந்தவரும் பலகாரத்தை எதிர்பார்த்தாரல்லர். படலை திறந்திருக்கிறதா என்பதையே நோக்கினர். 2000ஆம் ஆண்டுப் போரிற் சாவகச்சேரியே சிதைந்தது. இடங்கொடுத்தவர்களும் இடந்தேடி அலைய நேர்ந்தது. வீட்டு வாயிலின் மதிப்பை நம்மினும் நன்கறிந்தவர் யார்?

அத்தகைய நாம் இன்று கொண்டாட்டங்களை மண்டபங்களுக்குப் பெயர்த்துவிட்டோம். திருமணத்துக்கு மண்டபம் வேண்டியிருக்கலாம், அதனைக் குறைகூறோம். குழந்தையின் பிறந்தநாளுக்கும் மண்டபமும் அலங்கார மேடையும் வேண்டுமா? வசதியுள்ளவர் செய்ததைப் பார்த்து வசதியற்றவர் கடன்படுகின்றார். கடன்பட விரும்பாதவர் ஒருவரையும் அழையாது விடுகின்றார். பதிலுக்கு அழைக்க இயலாதவர் பிறர் அழைப்பை ஏற்கவும் கூசுகின்றார். இவ்வாறு ஒரே ஒழுங்கையில் வாழ்வோர் ஒருவர் வீட்டை ஒருவர் அறியாதவராகின்றனர்.

இதற்கு மாற்று நம் கையிலேயே உள்ளது. ஏடு தொடக்கும் நாளிலும், மாணவர் பரீட்சையிற் சித்தியடைந்த நாளிலும், ஒருவரின் முதற்கவிதை அச்சேறிய நாளிலும் ஒரு மாலைப்பொழுது வீட்டைத் திறந்து வைப்போம். கோப்பியும் பனங்கட்டியும் போதும், அன்பளிப்பு வேண்டா. ஆசிரியர்கள் இதனைத் தம் இல்லங்களிலேயே தொடங்கலாம். இலக்கிய வட்டங்களும் மாதமொருமுறை அன்பர் ஒருவரின் விறாந்தையிற் கூடலாம். மேடையிலிருந்து பேசக் கூசும் மாணவனும் அங்கே வாய்திறப்பான்.

ஓர் இரவில் இலட்சக்கணக்கானோரை ஏற்ற ஊர் இது. அயலவர் நால்வரை அழைக்க அதற்குத் தயக்கம் வேண்டுவதில்லை.