ஐ.வி. லிஸ்ட்ல இல்லாத சென்னை

"சிவகாசி பக்கம் திருத்தங்கல்"னு சொன்னதும் ஹாஸ்டல்ல வர்ற முதல் கேள்வி, "பட்டாசு சீப்பா கிடைக்குமா மச்சி?" என்பதுதான். அப்படிக் கேட்டவங்கள்ல நாலு பேர் தீபாவளிக்கு முன்னாடி நேர்லயே வந்தாங்க. ரோட்டோரக் கடையில ரெண்டு பெட்டி, ஒரு செல்ஃபி, ரிட்டர்ன். 108 திவ்யதேசங்கள்ல ஒண்ணு, நின்ற நாராயணப் பெருமாள் கோயில், எங்க ஊர்க் குன்றுலதான் இருக்கு. ஏறிப் பார்க்க நேரமில்லையாம்.

எனக்கு வருத்தம்தான். ஆனா ஐ.வி. போனப்போ சென்னையில நாம என்ன செஞ்சோம்? மெரினா, ரங்கநாதன் தெரு, ஒரு மால், மகாபலிபுரம். நிறுத்தின இடத்துல இறங்கினோம், விசில் அடிச்சதும் ஏறினோம். அதுவும் பட்டாசுக்கடை டூர்தானே?

மெரினாவைக் குறை சொல்லல. சாயங்காலம் சென்னைக்காரங்களே குடும்பத்தோட அங்கதான் உட்கார்ந்திருக்காங்க. அதோட ஊர் முடிஞ்சிடுச்சுன்னு நினைக்கிறதுதான் தப்பு.

அப்புறம் ஒரு லீவுல பொதிகை ஏறி ராயபுரத்துல இருக்கிற சித்தி வீட்டுக்குப் போனேன். 1856ல தென்னிந்தியாவோட முதல் ரயில் கிளம்பினது ராயபுரம் ஸ்டேஷன்ல இருந்துதான். அங்க யாரும் செல்ஃபி எடுக்கல. வேலைக்குப் போக ரயில் பிடிக்கிறாங்க, அவ்வளவுதான். சித்தப்பாவோட பாரிமுனை ஆண்டர்சன் தெருவுக்கும் போனேன். தெரு முழுக்க பேப்பர், டைரி, கல்யாணப் பத்திரிகை. ஒரு கடைக்காரர், "எந்த ஊரு தம்பி?"ன்னார். சொன்னேன். "சிவகாசிக்கு முந்தின ஸ்டேஷன்தானே? உங்க ஊர்ப்பக்கம் அடிச்ச காலண்டர்தான் இது"ன்னு ஒண்ணை எடுத்துக் காட்டினார். சென்னையில பட்டாசு பத்திக் கேட்காத முதல் மனுஷன்!

இன்னொண்ணு. பிளேஸ்மென்ட் ஆனா நம்மள்ல பாதிப் பேர் போய் இருக்கப்போறது சென்னையிலதான், மெரினா மணல்ல இல்ல. கடற்கரை ஸ்டேஷன்ல ஏறி வேளச்சேரி வரைக்கும் ஒரு தடவை போய்ப் பாருங்க. திருவல்லிக்கேணி, மயிலாப்பூர், திருவான்மியூர்னு பாலத்து மேலயே போகும். மொட்டை மாடியில காயுற துணி வரைக்கும் தெரியும். இறங்கி நடங்க. டு-லெட் போர்டுல "பேச்சிலர் வேண்டாம்" எத்தனை, தண்ணி கேன் என்ன விலை, மெஸ் எங்கன்னு விசாரிங்க. வேலைக்குச் சேர்ற அன்னிக்கு புரோக்கர் சொல்ற அட்வான்ஸைக் கேட்டு முழிக்க வேண்டாம்.

ஆனா ரீல்ஸ் எடுக்கக் கிளம்பாதீங்க. எங்க அம்மா பட்டாசு ஆபீஸ் வேன்ல ஏறும்போது எவனாவது மொபைலைத் தூக்கினா எனக்குப் பிடிக்குமா? டீ குடிங்க, முடி வெட்டிக்கோங்க, பஸ்ல ஏறுங்க. அங்க இருக்கிறவங்க செய்றதை நீங்களும் செய்ங்க.

இந்த வருஷ ஐ.வி.லயும் மெரினா இருக்கட்டும். ரெண்டாம் நாள் மத்தியானம் மட்டும் 3 மணி நேரம் காலியா விடச் சொல்லி கோஆர்டினேட்டர்கிட்ட கேட்டிருக்கேன். "பார்க்கலாம்"னு சொல்லியிருக்கார். நீங்களும் ஒரு வார்த்தை கேளுங்க.