வலி எடுக்கும் வரைக்குமா வேலை?

"நடந்துகொண்டே இரு, குனிந்து நிமிர்ந்து வேலை செய், சுகப்பிரசவம் ஆகும்." ஏழாம் மாதம் பிறந்ததும் பெண்ணின் காதில் விழத் தொடங்கும் இந்தப் புத்திமதிக்கு ஸ்ரீரங்கத்து உத்திர வீதி, சித்திரை வீதி என்ற பேதம் கிடையாது, உறையூர், பொன்மலை, அரியமங்கலம் என்ற பேதமும் கிடையாது. மாமியார் சொல்வார், எதிர்வீட்டு மாமி சொல்வார், வேலை பார்க்கும் இடத்தில் இரண்டு பெற்ற அக்காவும் சொல்வார். அக்கா மட்டும் கூடவே ஒன்றைச் சேர்த்துக்கொள்வார்: "லீவை இப்பவே கரைச்சுடாதே. கடைசி நாள் வரைக்கும் வந்துட்டு, குழந்தை பிறந்ததும் மொத்தமா எடுத்துக்கோ."

முதல் புத்திமதி உடம்பைப் பற்றியது, இரண்டாவது, கணக்கு. இரண்டும் கைகோத்து நின்று, பிரசவத்துக்கு முன்னால் சம்பளத்தோடு எடுக்கும் விடுப்பு வீண் என்ற எண்ணத்தை நம் ஊரில் ஆழமாக ஊன்றிவிட்டன. ஒன்பதாம் மாதத்திலும் வயிற்றைத் தாங்கிக்கொண்டு பேருந்தில் தொற்றி வருகிறவள் கெட்டிக்காரி. எட்டு வாரம் முன்பே விடுப்புக் கேட்கிறவள் சொகுசுக்காரி. வேலைக்குப் போகும் பெண்களுக்கு இதைவிடக் கேடான பாராட்டும் இல்லை, இதைவிட அநியாயமான வசையும் இல்லை.

நடப்பது நல்லது என்று மருத்துவர்கள் சொல்வது உண்மைதான். சிக்கலில்லாத கர்ப்பத்தில் மிதமான நடையும் எளிய பயிற்சியும் நன்மையே செய்யும். ஆனால் அவர்கள் சொல்லும் நடை, வெயில் ஏறுமுன் அம்மா மண்டபம் சாலையில் அரைமணி நேரம் காலாற நடந்து, மூச்சு வாங்கினால் உட்கார்ந்து, வீட்டுக்கு வந்து காலை நீட்டிக்கொள்வது. என்.எஸ்.பி. சாலையிலோ பெரிய கடைவீதியிலோ ஒரு ஜவுளிக் கடையின் மூன்றாம் மாடியில் புடவையை விரித்தும் மடித்தும் காலை முதல் இரவு வரை நிற்பதை எந்த மருத்துவரும் உடற்பயிற்சி என்று எழுதிக் கொடுத்ததில்லை. நெடுநேரம் நிற்பதும் கனம் தூக்குவதும் இரவு ஷிப்டும் குறைப்பிரசவத்துக்கும் எடை குறைந்த குழந்தைக்கும் உள்ள வாய்ப்பைக் கொஞ்சமேனும் கூட்டுகின்றன என்றுதான் பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். பயமுறுத்தவில்லை, கூடுகிற ஆபத்து சிறியதுதான். அதை யார் உடம்பின் மேல் ஏற்றுகிறோம் என்பதே கேள்வி. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு ரத்தசோகை. ரத்தம் குறைந்து, கால் வீங்கி, இரவில் புரண்டு படுக்கவும் முடியாமல் வருகிறவளிடம், சுகப்பிரசவம் ஆகும், இன்னும் கொஞ்சம் நில் என்கிறோம்.

கடை ஊழியர்கள் உட்கார இருக்கை வேண்டும் என்று தமிழ்நாடு சட்டம் போட்டதே 2021இல்தான். அந்த இருக்கை கடையில் எங்கே கிடக்கிறது, அதில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதை அடுத்த முறை துணி எடுக்கப் போகும்போது பாருங்கள்.

"நாங்கல்லாம் வலி எடுக்கிற வரைக்கும் நாத்து நட்டோம்" என்பது இந்த நம்பிக்கையின் பிரம்மாஸ்திரம். நட்டார்கள், மறுக்கவில்லை. நடாவிட்டால் அன்றைக்குக் கூலி இல்லை, அதனால் நட்டார்கள். வறுமை செய்ய வைத்ததை நாம் பிற்பாடு வைத்தியமாக்கிக்கொண்டோம். அதுவும் போக, நட்டுப் பிழைத்தவர்கள்தான் இன்று கதை சொல்கிறார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவள் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. தானே போய்ச் சேர்ந்தவள் புத்தி சொல்ல வருவதில்லை.

மரபைப் பற்றித்தான் பேசவேண்டும் என்றால் முழு மரபையும் பேசுவோம். கொஞ்சம் கையில் இருந்த குடும்பங்களில், ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்புப் போட்டு, தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவது வழக்கம். மாமியார் வீட்டு அடுப்படியிலிருந்தும் கிணற்றடியிலிருந்தும் அவளை விடுவிக்க ஊரே ஒப்புக்கொண்ட ஏற்பாடு அது. வளைகாப்பை நாம் இன்னும் விடவில்லை. அரசே அங்கன்வாடிகள் வழியாகச் சமுதாய வளைகாப்பு நடத்துகிறது. வளையல் பூட்டி, கலவை சாதம் போட்டு, படம் எடுத்து, மறுநாள் காலை அவளை வேலைக்கு அனுப்பிவிடுகிறோம். சடங்கு மிஞ்சியது, ஓய்வு போயிற்று.

திருச்சிக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. பேறுகாலம் நெருங்கிய ரத்னாவதி என்ற வணிகர் வீட்டுப் பெண்ணுக்குத் துணையாகப் பூம்புகாரிலிருந்து தாய் புறப்பட்டு வருகிறாள், காவிரியில் வெள்ளம், அக்கரையில் மாட்டிக்கொள்கிறாள். சிவனே அந்தத் தாயின் உருவத்தில் வந்து பிரசவம் பார்த்து, வெள்ளம் வடியும் வரை உடனிருந்து கவனித்துக்கொண்டார் என்பது மலைக்கோட்டைத் தாயுமானவர் கோயிலின் தலபுராணம். செட்டிப்பெண் மருத்துவம் என்று திருவிழாவில் அதை இன்றும் நிகழ்த்திக் காட்டுகிறார்கள். சுகப்பிரசவம் வேண்டி வாழைத்தார் காணிக்கை தருகிறார்கள். கதையில் தாய் மூட்டை கட்டியது வலி எடுத்த பிறகு இல்லை, நாள் நெருங்கும்போதே. இந்தச் சுவாமிக்கு வாழைத்தார் சார்த்துகிற முதலாளி, கடையில் நிற்கும் பெண் ஒன்பதாம் மாதம் விடுப்புக் கேட்டால் முகத்தைச் சுளிப்பது என்ன பக்தியோ தெரியவில்லை.

சரி, அக்காவின் கணக்குக்கு வருவோம். உண்மையான முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

1961 மகப்பேறு நலச் சட்டம் முதலில் கொடுத்தது 12 வாரம்: பிரசவ நாள் வரை ஆறு, அதற்குப் பின் ஆறு. முன்னால் உள்ள ஆறை எடுக்காமல் விட்டால் அது பின்னால் வந்து ஒட்டிக்கொள்ளாது. 1988 திருத்தம் நடுவிலிருந்த சுவரை எடுத்துவிட்டது: மொத்தம் 12, அதில் பிரசவத்துக்கு முன் ஆறுக்கு மேல் போகக்கூடாது. 2017 திருத்தம் மொத்தத்தை 26 ஆக்கி, முன்னால் எடுக்கும் உச்சவரம்பை எட்டு வாரமாக்கியது. ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் உள்ளவர்களுக்குப் பழைய 12, பழைய ஆறு. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டம் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் போய்விட்டது, எண்கள் மாறவில்லை. பெண் தன் வசதிப்படி வைத்துக்கொள்ளட்டும் என்ற நல்ல எண்ணத்தில்தான் சுவரை எடுத்திருப்பார்கள். ஆனால் ஒரே பானைச் சோறாகிவிட்டது. தாய் முன்னால் அள்ளும் ஒவ்வொரு கரண்டியும் பின்னால் பிள்ளையின் பங்கில் குறைகிறது. பால் கொடுக்க வேண்டும், தடுப்பூசி இருக்கிறது, யாரிடம் விட்டுவிட்டு வருவது என்ற கவலை இருக்கிறது. எந்தத் தாய் தனக்கென்று முன்னால் அள்ளுவாள்? கடைசி நாள் வரை வருகிறேன் என்று அவள் தானாகச் சொல்வதுபோல் தெரியும். அப்படிச் சொல்லத்தான் சட்டம் அவளைக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறது. அக்காவின் மேல் எனக்குக் கோபமில்லை.

ஆனால் அந்தக் கணக்கில் சில வரிகள் விட்டுப்போயிருக்கின்றன. பிரசவத்துக்கு முந்தைய காலத்துக்கான பணத்தை, கர்ப்பச் சான்றைக் கொடுத்ததும் முன்கூட்டியே தந்துவிட வேண்டும். குழந்தை பிறந்த சான்றைக் கொடுத்த 48 மணி நேரத்துக்குள் மீதி. கர்ப்பத்தால் வரும் உடல்நலக் கேட்டுக்கு, சான்று காட்டினால், 26 வாரத்துக்கு வெளியே இன்னும் ஒரு மாதம் வரை சம்பளத்துடன் விடுப்பு உண்டு. ரத்த அழுத்தம் ஏறிப் படுக்கச் சொல்லிவிட்டார்கள் என்பதற்காகப் பிள்ளையின் பங்கில் கைவைக்க வேண்டியதில்லை. விடுப்பே எடுக்காவிட்டாலும், ஏறத்தாழக் கடைசிப் பத்து வாரம், அவள் கேட்டால் கடினமான வேலையையும் நெடுநேரம் நிற்கும் வேலையையும் கொடுக்கக்கூடாது. இலகுவான வேலைக்கு மாற்றியதைச் சாக்காக வைத்துச் சம்பளத்தைக் குறைக்கவும் கூடாது. இவற்றில் எதையாவது எந்தக் கடைச் சுவரிலாவது எழுதி ஒட்டிப் பார்த்திருக்கிறீர்களா? சட்டத்தின் சுருக்கத்தை வேலையிடத்தில் உள்ளூர் மொழியில் ஒட்ட வேண்டும் என்பதும் சட்டம்தான்.

கடைசி நாள் என்பதும் ஒரு கற்பனை. மருத்துவர் குறித்துக் கொடுத்த தேதியிலேயே பிறக்கும் குழந்தைகள் மிகச் சில. அப்படியானால் கடைசி நாள் வரை வேலை என்பதன் பொருள், வலி எங்கே எடுக்கும் என்று தெரியாமல் வேலைக்குப் போவது. சத்திரம் பேருந்து நிலையத்தில் எடுக்கலாம், காவிரிப் பாலத்து நெரிசலில் எடுக்கலாம். அந்தப் பாலத்தையே 2022 செப்டம்பரில் பழுதுபார்க்க மூடி மாதக்கணக்கில் சுற்றிப் போகவிட்டார்கள். ஸ்ரீரங்கத்திலிருந்து நகருக்குள் வேலைக்குப் போன கர்ப்பிணிகளும் அந்தச் சுற்றில்தான் போயிருப்பார்கள்.

"சட்டமெல்லாம் பேசினால் பெண்களையே வேலைக்கு எடுக்க மாட்டார்கள்" என்பார்கள். இது வெறும் மிரட்டல் என்று நான் தள்ளமாட்டேன். 2017 திருத்தம் வாரத்தைக் கூட்டியதே தவிர, பணத்தை முழுக்க வேலை கொடுப்பவர் தலையில் வைத்தது; அரசு பங்கேற்கவில்லை. 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேறு மசோதாவை ஆதரித்துப் பேசிய அம்பேத்கர், இந்தச் சுமையில் பெரும்பகுதி அரசைச் சேர வேண்டியது என்று அன்றே ஒப்புக்கொண்டார். ஆனால் அரசு ஏற்கும்வரை பெண் காத்திருக்கட்டும் என்று அவர் சொல்லவில்லை. உழைப்பின் பலனை எடுத்துக்கொள்கிறவர் கொடுக்கட்டும் என்றார்.

மேலும், திருச்சிக் கடைகளில் இந்த வாதத்தைச் சொல்கிறவர்களில் பலருக்கு அது பொருந்தவே பொருந்தாது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், மாதம் 21,000 ரூபாய்க்குள் வாங்கும் பெண் இ.எஸ்.ஐ.க்குள் வருகிறாள். அவள் சம்பளத்தில் 0.75 விழுக்காடும் முதலாளியிடமிருந்து 3.25 விழுக்காடும் மாதாமாதம் கட்டப்படுகிறது. முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில் 70 நாளுக்குப் பணம் கட்டியிருந்தால் 26 வாரமும் முழுச் சராசரிக் கூலியை இ.எஸ்.ஐ. கழகமே தரும், முதலாளியின் கல்லாவிலிருந்து ஒரு காசு போகாது. பிறகு ஏன் முகச்சுளிப்பு? பத்தில் நான்கு பேரின் பெயர் மட்டும் பதிவில் இருந்தால், விடுப்புக் கேட்கும் ஐந்தாமவள் தொந்தரவாகத்தான் தெரிவாள்.

காசை எண்ணுவதில் நம் நிர்வாகங்களுக்கு நெடிய அனுபவம் உண்டு. கோவை மாவட்டத் தோட்டம் ஒன்றில் 1967இல் பிள்ளை பெற்ற தொழிலாளிக்கு, மகப்பேறு வாரங்களில் வரும் ஞாயிற்றுக்கிழமைகளுக்குச் சம்பளம் கிடையாது என்று நிர்வாகம் வழக்காடி உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. வாரம் என்றால் ஏழு நாள் என்று தீர்ப்பு வர 1977 ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமைக் கூலிக்காகப் பத்தாண்டு; குழந்தை அதற்குள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்திருக்கும்.

அரசு ஊழியர்களின் கதை வேறு. தமிழ்நாடு அவர்களுக்கு 2011இல் ஆறு மாதம், 2016இல் ஒன்பது, 2021 ஜூலையிலிருந்து ஓராண்டு என்று கொடுத்துவிட்டது. முன்னாலும் பின்னாலும் தங்கள் விருப்பப்படி பிரித்துக்கொள்ளலாம். மூன்றாவது குழந்தை என்று தருமபுரி மாவட்ட ஆசிரியை ஒருவருக்கு மறுத்தபோது, 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் இது பெண்ணின் இனப்பெருக்க உரிமையோடு சேர்ந்தது என்று சொல்லி வாங்கிக் கொடுத்தது. நல்லது. ஆனால் ரங்கா ரங்கா கோபுர வாசலில் பூக்கட்டி விற்கிறவளுக்கும், வீட்டுத் திண்ணையில் செயற்கை வைரக்கல் பட்டை தீட்டுகிறவளுக்கும் விடுப்பு எழுதிக் கொடுக்க யாருமில்லை. அவர்களுக்கு இருப்பது, பக்கத்துப் புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரிலான உதவித் திட்டம். 2006இல் 6,000 ரூபாய், 2011இல் 12,000, 2018இல் 18,000 என்று வளர்ந்தது. அதில் 4,000 ஊட்டச்சத்துப் பெட்டகமாகப் போக, கையில் வருவது 14,000. ஆறு மாதத்துக்கு வகுத்தால் நாளுக்கு 80 ரூபாய்கூட இல்லை. இதை நம்பி எந்தப் பூக்காரி எட்டாம் மாதம் கூடையை இறக்கி வைப்பாள்? மாநகராட்சியின் தினக்கூலிப் பெண்களுக்கும் மகப்பேறு விடுப்பு உண்டு என்று டெல்லி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2000 மார்ச் 8 அன்றே சொல்லிவிட்டது. ஒப்பந்தக்காரர் கையில் இருக்கும் நம் ஊர்த் தூய்மைப் பணியாளரிடம் அதைச் சொன்னவர் யார்?

1988க்கு முன்பிருந்த சுவரைத் திரும்ப எழுப்ப வேண்டும், இந்தத் தடவை உயரமாக. 26 வாரத்தைத் தொடாமல், பிரசவத்துக்கு முன் ஆறு வாரம் தனியாக, சம்பளத்தோடு. ஜெர்மனியில் முன்னால் ஆறு, பின்னால் எட்டு. குழந்தை சீக்கிரம் வந்துவிட்டால் மிச்ச நாள்கள் பின்னால் சேரும், தாமதமானால் பின்னால் உள்ள எட்டு குறையாது. தேதி தப்பினால் அந்த இழப்பு பெண்ணின் தலையில் விழக்கூடாது என்பதை 1919இல் வாஷிங்டனில் கூடிய முதல் பன்னாட்டுத் தொழிலாளர் மாநாடே ஒப்பந்தத்தில் எழுதிவைத்தது. பணத்துக்கு இ.எஸ்.ஐ. மாதிரி ஒரு பொது நிதி; அதில் அரசின் பங்கும் இருக்க வேண்டும், பூக்காரியின் பெயரும் இருக்க வேண்டும்.

அதுவரை, ஏழாம் மாதத்திலேயே மருத்துவர் சான்றை வைத்து, எந்தத் தேதியிலிருந்து வரமாட்டேன், முன்காலப் பணத்தை இப்போதே தரவும் என்று ஒரு கடிதம் எழுதுங்கள். நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்துப் போட மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் மசியாவிட்டால் தொழிலாளர் துறை ஆய்வாளரிடம் போங்கள். மாமியாரோ அக்காவோ கூட வந்தால் இன்னும் நல்லது.