மனுப் போட்டாயிற்று, பிறகு?

சென்ற மாதம் விருதுநகரில் என் சிநேகிதி வீட்டில் இரண்டு நாள் தங்கியிருந்தேன். பக்கத்து வீட்டுப் பெண் பி.காம். தேறியவள். அவளுடைய தாயார் சிவகாசிப் பக்கத்துப் பட்டாசு ஆலையொன்றில் இருபது வருஷம் பாடுபட்டவர். "இந்த மருந்து வேலை என்னோட போகட்டும்" என்று சொல்லிச் சொல்லியே மகளைப் படிக்க வைத்திருக்கிறார்.

பெண்ணும் சும்மா இருக்கவில்லை. கைப்பேசியிலேயே நாற்பது இடங்களுக்கு மனுப் போட்டிருந்தாள். ஒன்றுக்கும் பதில் இல்லை.

"யாரிடமாவது விசாரித்துப் பார்த்தாயா?" என்று கேட்டேன்.

பதில் சொன்னது தாயார். "நாமளாப் போயிக் கேட்டா நல்லாருக்குமாம்மா? வேணும்னா அவுகளே கூப்பிடுவாக."

எதற்கும் பார்ப்போமே என்று மின்னஞ்சலில் 'ஸ்பாம்' என்கிற குப்பைப் பெட்டியைத் திறக்கச் சொன்னேன். அதற்குள் மதுரைக் கம்பெனி ஒன்றின் கடிதம் இருந்தது. நேர்முகத்துக்கு வரச் சொல்லியிருந்தார்கள். தேதி போய் ஒன்பது நாள் ஆகியிருந்தது. "என்ன எழுதியிருக்கு?" என்று தாயார் கேட்டார். பெண் தலை நிமிரவில்லை.

சகோதரிகளே! பெண் பார்த்துவிட்டுப் போனவர்களிடம் நாமே வலியப் போய்க் கேட்பது கௌரவக் குறைவு என்று நம் வீடுகளில் ஒரு நினைப்பு உண்டு. அதை உத்தியோகத்துக்கும் கொண்டு போகலாமா? விசாரிப்பது கெஞ்சுவதாகாது. போட்ட மனு போய்ச் சேர்ந்ததா என்று கேட்பது நம் உரிமை.

வாசலில் தபால்காரரை எதிர்பார்த்த காலமும் மலையேறிவிட்டது. அரசுப் பணியாளர் தேர்வாணையத்தையே எடுத்துக் கொள்ளுங்கள். பரீட்சைக்கான அனுமதிச் சீட்டு தபாலில் வராது. இணையதளத்தில் நாமேதான் இறக்கிக் கொள்ள வேண்டும். 150 ரூபாய் கட்டிச் செய்யும் நிரந்தரப் பதிவு 5 வருஷத்துக்குச் செல்லும். ஆனால் அந்தப் பதிவு மனு ஆகாது. ஒவ்வொரு பரீட்சைக்கும் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். 'பதிந்துவிட்டேனே' என்று இருந்து ஏமாந்தவர்கள் உண்டு. வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவையும் 3 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்காவிட்டால், காத்திருந்த சீனியாரிட்டி கைநழுவிப் போகும்.

தனியார் வேலைக்கு என்ன செய்வது? முதலில் ஒரு டைரி எடுங்கள். டைரிக்கும் காலண்டருக்கும் பேர்போன சிவகாசி இருக்கும்போது நமக்கு என்ன பஞ்சம்! கம்பெனியின் பெயர், என்ன வேலை, மனுப் போட்ட தேதி, விண்ணப்ப எண், அனுப்பிய மின்னஞ்சல் முகவரி எல்லாவற்றையும் குறித்து வையுங்கள். தினம் ஒருதரம் குப்பைப் பெட்டியையும் பாருங்கள்.

ஒரு வாரம், பத்து நாள் பொறுத்து நாலு வரி எழுதுங்கள். 'ஐயா, இம்மாதம் 3-ஆம் தேதி தங்கள் கணக்குப் பிரிவு வேலைக்கு விண்ணப்பித்தேன். பி.காம். தேறியிருக்கிறேன், டாலி தெரியும். மனு தங்கள் பார்வைக்கு வந்ததா என்று அறிய விரும்புகிறேன்.' இவ்வளவு போதும். குடும்பக் கஷ்டம் வேண்டாம்.

உள்ளூர்க் கம்பெனி என்றால் டெலிபோனிலேயே கேட்கலாம். ஆனால் பேச வேண்டியது நீங்கள். அப்பாவோ அண்ணனோ அல்ல. வேளையும் பார்க்க வேண்டும். தீபாவளி நெருங்கும்போது பட்டாசு ஆபீஸிலும், வருஷக் கடைசியில் காலண்டர் அச்சகத்திலும் மூச்சுவிட நேரமிராது. இன்னும் ஒரு வாரம் கழித்து மறுபடி ஒருமுறை விசாரிக்கலாம். அதற்கும் பதிலில்லையா? டைரியில் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த இடத்தைப் பாருங்கள். தினமும் நச்சரித்தால் கிடைக்கிற வேலையும் போய்விடும்.

முக்கியமாக ஒன்று. நீங்கள் விசாரிக்காமலே யாரோ கூப்பிட்டு, "வேலை தயார், டெபாஸிட் மட்டும் கட்டுங்கள்" என்றால் காலணாக் கூடக் கொடுக்காதீர்கள். அவர்கள் தந்த எண்ணை விட்டுவிட்டுக் கம்பெனியின் சொந்த எண்ணில் கேளுங்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக் கொண்டிராமல், உடனே 1930 என்ற எண்ணில் புகார் சொல்லுங்கள்.

அந்தப் பெண் அன்றைக்கே மதுரைக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினாள். இடம் நிரம்பிவிட்டது என்று மறுநாளே மரியாதையாகப் பதில் வந்தது. அழுதாளாம். பிறகு டைரி போட்டு, மிச்சத்தில் ஏழு இடங்களுக்கு விசாரித்து எழுதியிருக்கிறாள். மூன்று பேர் பதிலே போடவில்லை. மூன்று பேர் ஆள் எடுத்தாயிற்று என்றார்கள். ஏழாவது, சிவகாசியில் ஓர் அச்சகம். அடுத்த திங்கட்கிழமை நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

சிநேகிதி டெலிபோனில் இதைச் சொன்னாள். தாயார் தெருவெல்லாம் சொல்லிக் கொண்டிருக்கிறாராம்: "பாத்தீகளா, அவுகளே கூப்பிட்டுட்டாக!"

சொல்லிக் கொள்ளட்டும், சந்தோஷந்தான். ஆனால் முதலில் கேட்டது யார் என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரியும்; உங்களுக்கும் எனக்கும் தெரியும்.